இங்கே வேண்டாம்

ஜூலை 2, புதன்

இந்த டைரியில் நான் எழுதும் முதல் பக்கம் இது. உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. முன்பக்கங்கள் எல்லாம் காலியாகவே போய்விட்டன. என்ன செய்வது, பொங்கலுக்கு எனக்கு ஞ எழுதத் தெரியாது. இப்போது தெரியும். ஞ. காலை மடக்கிக்கொண்டு எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது.

என் பெயர் சென்னியப்பன். மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கினேன். மூட்டை மேல் மையால் எழுதியிருப்பார்கள். அந்த எழுத்துகளை முதுகில் சுமந்தேனே தவிர, அவை என்ன சொல்கின்றன என்று எனக்குத் தெரியாது. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். "வூட்ல உக்காந்து மோட்டுவளையப் பாக்கறதுக்கு அங்க போயிட்டு வாங்க" என்று என் மனைவி பாவாத்தாள் அனுப்பினாள். போனேன். பரீட்சை எழுதித் தேறியும் விட்டேன். இப்போது பஸ் போர்டு, மாவு மில் போர்டு, தீப்பெட்டி, எதையும் விடுவதில்லை.

எனக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுகிறார்கள். அதற்காக வலது கையில் ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். முதலில் இடது கையில்தான் செய்தார்கள். அது அடைத்துப்போயிற்று. வலது கையில் தோலுக்கடியில் ரத்தம் இரைந்துகொண்டு ஓடுகிறது. காதை வைத்தால் அடுத்த தெருவில் தறி ஓடுவது போலக் கேட்கும். விடிந்ததும் பாவாத்தாள் என் கைமேல் காதை வைப்பாள். "ஓடுதுங்க" என்பாள். அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

இந்தக் கையும் நின்றுபோனால் கழுத்தில் குழாய் போடுவார்கள். அதைப் பற்றி எழுத இன்று மனமில்லை. நான் எழுதுவதும் இந்தக் கையால்தான்.

ஜூலை 5, சனி

டயாலிசிஸ் நாளில் கையில் கட்டு இருப்பதால் எழுத முடியாது. நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நல்ல நாள் அது.

எங்கள் வார்டுக்குப் புதிதாக ஸ்கேன் மெஷின் வந்திருக்கிறது. புத்தகம் அளவில் ஒரு திரை, அதிலிருந்து ஒரு வயர், வயர் முனையில் சோப்புக்கட்டி போல ஒன்று. அதை எப்படிப் பார்ப்பது என்று நர்ஸ் மெர்லின் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். இதுவரை ஊசி போட விரலால் தடவிப் பார்த்துத்தான் குத்தினார்கள். சில நாள் முதல் குத்திலேயே கிடைக்கும். சில நாள் கை வீங்கிக் கத்தரிக்காய் நிறமாகிவிடும். இனிமேல் உள்ளே பார்த்துக்கொண்டே குத்தலாமாம்.

பக்கத்துக் கட்டிலில் குருநாதன். ஆட்டோ ஓட்டியவன், எனக்கு மகன் வயது. அவனுக்குக் கை ஆபரேஷன் பலிக்கவில்லை, கழுத்தில் குழாய். ஆனால் வாய் சும்மா இருக்காது. நான் படிக்கத் தொடங்கியதிலிருந்து என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுகிறான்.

"ஏனுங் சிஸ்டரு, வாத்தியாருக்கு ஸ்கேன் பாக்கறீங்களே. பையனா புள்ளையான்னு அப்படியே சொல்லிப்போடுங்க."

நான் விடவில்லை. "அதெல்லாம் சொல்லக்கூடாது. சட்டப்படி குற்றம். வெளிய செவுத்துல எழுதியிருக்குது, நான் படிச்சேன்."

வார்டே சிரித்தது. குருநாதன் சிரித்துச் சிரித்து உடம்பு உதறத் தொடங்கிவிட்டான். சிரிப்பு நின்ற பிறகும் உதறல் நிற்கவில்லை. போர்வை கேட்டான். இன்னொன்று கேட்டான். காற்றாடியை நிறுத்தச் சொன்னான். காற்றாடி ஓடவே இல்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு மெர்லின் என்னிடம் வந்தாள். கையில் பசை மாதிரி ஒன்றைத் தடவினாள். ஐஸ் போலச் சில்லென்றிருந்தது. "கைய அனக்காதீங்க தாத்தா, ஆடாம வைங்க. அங்க திரையப் பாருங்க. இந்தக் கருப்பு வட்டம் இருக்குல்லா, அதுதான் உங்க நரம்பு." சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு கருப்பு வட்டம். இன்னொரு பொத்தானை அழுத்தினாள். வட்டத்துக்குள் சிவப்பும் நீலமும் குபுகுபுவென்று ஓடின. நான் காதால் மட்டும் கேட்டிருந்த தறி அது. பாவாத்தாளுக்குக் காட்ட முடியவில்லையே என்றிருந்தது.

மணிக்கட்டுக்கு மேலே ஓர் இடத்தில் அவள் கை நின்றது. "இங்க குழாய் கொஞ்சம் ஒடுங்கிக் கெடக்கு. பழைய ஊசிக் காயம் வேற. இதுல குத்தக் கூடாது. அடுத்த ஷிப்ட்ல வாறவங்களுக்கும் தெரியணும்லா." பேனாவை எடுத்துப் பெருக்கல் குறி போடப் போனாள்.

"அம்மிணி, குறி எதுக்குங்க? எழுத்தாவே எழுதுங்க. நான் படிப்பேன்."

சிரித்துக்கொண்டே நீல மையில் எழுதினாள். இங்கே வேண்டாம்.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூட்டைமேல் எழுதுவது போல என்மேலும் எழுதிவிட்டார்கள். ஆனால் இந்தத் தடவை மூட்டைக்கே படிக்கத் தெரிகிறது.

ஒரே குத்தில் ஊசி ஏறியது. எல்லாம் முடிந்து கட்டுப்போட்டதும் மெர்லின் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "இத பத்திரமாப் பாத்துக்கிடுங்க தாத்தா."

"பாத்துக்கறேனுங்க அம்மிணி" என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

குளிக்கும்போது வலது கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பாவாத்தாள் திட்டினாள். "அந்தக் கையத்தான் மொதல்ல சோப்புப் போட்டுக் கழுவோணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கறாங்க. அதைப் போயி கொடி மாதிரி தூக்கிட்டு நிக்கறீங்களே."

"சிஸ்டரு எழுதினது அழிஞ்சு போயிரும்."

"அழிஞ்சா என்னவாம்?"

எழுத்து அழிந்தால் என்ன என்று கேட்கிறாள். அவளுக்குத் தெரியாது. எனக்கென்று ஒருவர் எழுதிக் கொடுத்த முதல் எழுத்து இது. ரேஷன் கார்டில் என் பெயர் இருக்கிறது, ஆனால் அது ரேஷன் கடைக்காக எழுதியது.

சட்டைக் கை உரசி ம் கொஞ்சம் மங்கியிருக்கிறது. பழைய வேட்டியில் நீளமாகக் கிழித்து மேலே சுற்றிவைத்தேன். நழுவிக்கொண்டே இருந்தது. நழுவாத அளவுக்குச் சுற்றினேன்.

"கையக் கட்டக்கூடாதுன்னாங்கல்ல?" என்றாள்.

"லேசாத்தான் இருக்குது."

ஜூலை 7, திங்கள்

எழுத்து அப்படியே இருக்கிறது. விரல்கள் சில்லிட்டிருக்கின்றன, மழைக் காற்று. காலையில் பாவாத்தாள் வழக்கத்தைவிட அதிக நேரம் காதை வைத்திருந்தாள்.

ஜூலை 9, புதன்

நேற்று போகும் முன் துணியை அவிழ்த்தேன். தோலில் துணியின் வரிவரியான தடம் இருந்தது. தேய்த்துவிட்டேன். பஸ்ஸில் போகிற வழியில் போய்விட்டது.

மெர்லின் என் கையைப் பார்த்ததும், "ஐயோ, இன்னும் அழியலியா!" என்று சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். 'வேண்டாம்' போயிற்று. இன்னொரு இழுப்பு. 'இங்கே'யும் போயிற்று. பஞ்சு நீலமாகிவிட்டது. அதைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். நான் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஸ்கேன் வைத்தாள். வைத்ததும் அவள் முகம் மாறியது. திரையில் போன வாரம் குபுகுபுவென்று ஓடிய இடத்தில் வாய்க்கால் கடைமடையில் வருவது போல ஒரு கோடு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"தாத்தா, பாரம் எதுவும் தூக்குனீங்களா?"

"இல்லீங்க."

"இந்தக் கைமேல சாஞ்சு படுத்தீங்களா?"

"இல்லீங்க."

"இறுக்கமா எதுவும் கெட்டுனீங்களா?"

தொட்டியில் பஞ்சு தெரிந்தது.

"இல்லீங்க அம்மிணி."

கஷ்டப்பட்டு ஊசி ஏற்றினாள். மெஷின் அடிக்கடி கத்தியது. பக்கத்துக் கட்டில் காலி. மடித்த போர்வை மட்டும் இருந்தது. குருநாதன் எங்கே என்று கேட்டேன். "அவங்க சேலத்துக்கு மாத்திக்கிட்டாங்க தாத்தா. மச்சான் வீட்டுப் பக்கம்" என்றாள். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சேலம் நல்ல ஊர்தான். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

ஜூலை 12, சனி

நேற்று உடம்பிலிருந்து தண்ணீரைக் குறைவாகத்தான் எடுத்தார்கள். அதிகம் எடுத்து, பிரஷர் இறங்கி, அதனால் ரத்த ஓட்டம் மெதுவாகி, கை அடைக்கப் பார்க்கிறதோ என்று சந்தேகமாம். துணி கட்டியதைப் பற்றி நான் சொல்லவில்லை. அவர்கள் படித்தவர்கள், யோசித்துத்தான் செய்வார்கள்.

கால் வீங்கியிருக்கிறது. செருப்பு நுழையவில்லை. பாவாத்தாளின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டேன். இந்தப் பக்கத்தை எழுத இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

காலாற நடந்தால் மூச்சு சரியாகும் என்று மெதுவாக பஸ் ஸ்டாண்டு வரை போனேன். போகும் வழியெல்லாம் படித்துக்கொண்டே போனேன். பரோட்டா மாஸ்டர் தேவை. வீடு வாடகைக்கு. சிறுநீர் கழிக்காதீர். இதைப் படித்தபோது, எனக்கு அந்தக் கவலையே இல்லை என்று குருநாதன் கூட வந்திருந்தால் சொல்லியிருப்பான் என்று நினைத்துச் சிரித்தேன்.

ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு போஸ்டர். நிறைய மீசை வைத்த ஓர் இளவட்டத்தின் போட்டோ. யாரென்று தெரியவில்லை. மேலே பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. ஞ் வருகிற சொல். அதைச் சட்டென்று படித்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது. கீழே பெயர்.

நான் எழுத்து எழுத்தாகத்தான் படிப்பேன். கு. ரு. குருசாமி என்று இருக்கட்டும் என்று நினைத்தேன். நா. மூன்றாவது எழுத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். குருநாகப்பன் என்று யாருக்காவது பெயர் இருக்காதா. அடுத்த எழுத்துக்குப் போக மனம் வரவில்லை. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நகர்ந்துகொண்டே படித்தேன். த. ன்.

போட்டோ நோய் வருவதற்கு முன்பு எடுத்தது போலிருக்கிறது. தேதியும் போட்டிருந்தது. நான் எழுத்தைத் துணியால் சுற்றிய ஞாயிற்றுக்கிழமை.

படிக்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் மீசைக்காரப் பையன் யாரோ என்று தாண்டிப்போயிருப்பேன்.

பாவாத்தாளிடம் சொன்னேன். அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"அடுப்புல ஒல வெச்சிருக்கறேன்" என்று எழுந்து போனாள்.

ஜூலை 14, திங்கள்

காலையில் பாவாத்தாள் காதை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் அடுப்புப் பக்கம் போனாள்.

ஜூலை 16, புதன்

நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும். மெதுவாக எழுதுகிறேன்.

மெர்லின் ஸ்கேனை எடுத்துவந்தாள். என் காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. "மூச்சு முட்டுதா தாத்தா?" என்றாள். முட்டியது. கையில் பசை தடவினாள். திரையில் கோடு இன்னும் மெலிந்திருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

அவள் தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னாள். "தண்ணி கொறைக்கலாம்னு டாக்டர்ட்ட சொன்னது நாந்தான். கொறச்சும் கை சரியாகல, உங்களுக்கு மூச்சும் முட்டுது. எங்க தப்பு பண்ணுதோம்னு தெரியல."

அவள் கண் கலங்கியிருந்தது.

"அம்மிணி, குருநாதன் சேலத்துலயா இருக்கறான்?"

ஸ்கேன் கருவியை என் கையிலிருந்து எடுத்தாள்.

"ஆட்டோ ஸ்டாண்டுல கண்ணீர் அஞ்சலின்னு ஒட்டியிருக்கறாங்க. பேரைப் படிச்சேன்."

"உங்களுக்குப் படிக்கத் தெரியும்கிறத மறந்துட்டேன் தாத்தா" என்றாள். பிறகு, "அன்னைக்கு நடுங்குனாங்கல்லா. கழுத்துக் குழாய் வழியா ரத்தத்துல கிருமி ஏறிட்டுது. ரெண்டு நாள்தான். இங்க படுத்திருக்கிற எல்லாரும் பயந்துருவீங்கன்னு சேலம்னு சொன்னோம். தப்புதான்."

"பயந்துட்டுத்தான் இருக்கறோம். சேலம்னு சொன்னாலும் பயந்துட்டுத்தான் இருந்தோம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக் குனியவைத்துவிட்டு நான் நிமிர்ந்திருப்பது சரியில்லை என்று பட்டது. மடியில் முடிந்து கொண்டுபோயிருந்ததை இடது கையால் எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். வேட்டிக் கிழிசல். உள்பக்கம் நீல மை ஒட்டியிருந்தது.

"இதைத்தான் கட்டியிருந்தேனுங்க. ஞாயித்துக்கெழமையில இருந்து செவ்வாக்கெழமை காலை வரைக்கும். அன்னைக்கு நீங்க கேட்டப்ப இல்லைன்னு சொல்லிப்போட்டேன்."

அவள் துணியை எடுத்து விரித்துப் பார்த்தாள். கோபப்படவில்லை. புரியாமல்தான் பார்த்தாள்.

"எதுக்கு தாத்தா கெட்டுனீங்க?"

"எழுத்து அழியக்கூடாதுன்னு. நீங்கதான பத்திரமாப் பாத்துக்கச் சொன்னீங்க."

"நானா? நான் எப்ப..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். ஞாபகம் வந்துவிட்டது. "நான் கையச் சொன்னேன் தாத்தா."

"நான் எழுத்தைன்னு நெனச்சேன்."

இருவரும் என் கையைப் பார்த்தோம். அதில் அப்போது எழுத்தும் இல்லை. ஓட்டமும் இல்லாத மாதிரிதான் இருந்தது.

அவள் எழுந்து டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் வந்து திரையைப் பார்த்தார். ஏற்கெனவே ஒடுங்கியிருந்த இடத்தில் கட்டு அழுத்தியதால் ரத்தம் கட்டியிருக்கிறது, முழுசாக அடைக்கவில்லை, காரணம் தெரிந்தது நல்லதாகப் போயிற்று, நாளைக்கே கோயமுத்தூர் போக வேண்டும் என்றார். முழுசாக அடைத்துவிட்டால் குருநாதனுக்குப் போட்டது போலக் கழுத்தில்தான் என்றும் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். நேற்று தேவையான தண்ணீரை எடுத்துவிட்டார்கள். இன்று செருப்பு நுழைகிறது.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. பாவாத்தாள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். இந்தக் கையால் எழுதும் கடைசிப் பக்கமாக இது இருந்தால், எழுத்து ஒழுங்காகவே இருக்கட்டும் என்று நிறுத்தி எழுதினேன்.

ஜூலை 20, ஞாயிறு

கோயமுத்தூரில் கைக்குள் கம்பியை விட்டு, அதன் முனையில் பலூனை ஊதி, அடைப்பை எடுத்தார்கள். வலித்தது. கை இன்னும் வீங்கியிருக்கிறது. பேனா பிடிக்க வரவில்லை. இந்த நான்கு வரிக்குக் காலை முழுக்க ஆயிற்று.

பாவாத்தாள் காதை வைக்கப் பயப்படுகிறாள்.

ஜூலை 26, சனி

நேற்று மெர்லின் ஸ்கேன் வைத்தாள். திரையைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளாமல் என் பக்கமாகத் திருப்பிவைத்தாள். "நீங்களே பாருங்க தாத்தா." சிவப்பும் நீலமும் ஓடின. முன்பு போலக் குபுகுபுவென்று இல்லை. ஆனால் ஓடின. இருவரும் பார்த்தோம். பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஓர் அம்மாள் வந்திருக்கிறார். அவரும் எட்டிப் பார்த்தார்.

பலூன் போட்ட இடத்தில் கொஞ்ச நாளைக்கு ஊசி போடக்கூடாதாம். மெர்லின் பேனாவை எடுத்துவிட்டு, என்னைப் பார்த்துத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தாள்.

"எழுதுங்க அம்மிணி" என்றேன்.

"வேண்டாம் தாத்தா. ஒரு தடவ எழுதி நாம பட்டது போதும்."

"எழுதாம இருந்தா அடுத்த ஷிப்ட்ல வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்? எழுதுங்க. எழுதிப்போட்டு, என்ன பண்ணோணும்னு முழுசாச் சொல்லுங்க. இது அதுன்னு சொல்லாதீங்க."

எழுதினாள். இங்கே வேண்டாம். எழுதிவிட்டு, "இப்ப நீங்க எங்கிட்டச் சொல்லுங்க" என்றாள்.

பரீட்சையில் சொல்வது போலச் சொன்னேன். "இது எழுத்து. வூட்டுக்குப் போனா நாளைக்குச் சோப்புப் போட்டுக் கழுவிடோணும். இது கை. இதைக் கட்டக்கூடாது, அழுத்தக்கூடாது, பத்திரமாப் பாத்துக்கோணும். மறுபடி வந்தா நீங்க ஸ்கேன் பாத்து எழுதிக்குவீங்க."

"நூத்துக்கு நூறு" என்றாள். பிறகு பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் போய், அவருக்கும் முழுசாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாள். அந்த அம்மாள் வெட்கப்பட்டார். "வாத்தியாரு சொல்லிட்டாரு, நீங்க சொல்ல மாட்டீங்களா" என்றாள். குருநாதன் கூப்பிடும் அந்தப் பெயரை அவள் சொல்லிக் கேட்டதும் இருவருமே அவன் படுத்திருந்த அந்தக் கட்டிலைப் பார்த்தோம்.

இன்று காலையில் கட்டை எடுத்துவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்தேன். பாவாத்தாள் செம்பில் தண்ணீர் ஊற்றினாள். நான் சோப்பைத் தேய்த்தேன். கடைசியில் இருந்த ம் முதலில் போயிற்று. பிறகு டா. ண். மீண்டும் தேய்த்தேன். வே இருந்த இடத்தில் நுரை நீலமாகி விரலிடுக்கில் வழிந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது ஒரு சொல் மட்டும் கையில் மிச்சம் இருந்தது. படித்தேன்.

இங்கே.

அதையும் கழுவினேன். ஈரம் காயும் முன்பே பாவாத்தாள் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். இத்தனை நாள் வைக்காத காதை என் கைமேல் வைத்தாள். அவள் காது சூடாக இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஓடுதுங்க" என்றாள்.

அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். நான் வந்து இதை எழுதினேன். கையிலிருந்து கழுவிய இரண்டு சொற்களையும் இங்கே எழுதுகிறேன். இவை என் எழுத்தில் இருக்கின்றன. இங்கே வேண்டாம்.